விளக்கு வந்த பிறகும் சாவு ஏன் குறையவில்லை?

பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றோடு நடந்த போராட்டம்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் எதற்கு அதிகம் பயந்திருப்பார்கள்? இப்படிக் கேட்டால், 'பாறை சரிந்து விழுவதற்கு' என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அதில் தவறில்லை. ஒருவர், இருவர் என்று நாள்தோறும் உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது சுரங்கக் கூரையின் சரிவுதான். ஆனால், ஒரே நாளில் ஓர் ஊரின் தகப்பன்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டுபோனது பாறை அன்று; காற்று. கண்ணுக்குத் தெரியாத, பெரும்பாலும் மணமும் இல்லாத காற்று.

அந்தக் காற்றைச் சரியாகப் புரிந்துகொள்ள மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இடையில் அருமையான ஒரு கண்டுபிடிப்பும் வந்தது. அது வந்த பிறகு சாவு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. எப்படி? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

1812, மே 25

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றின் கரையோரம் கேட்ஸ்ஹெட் என்ற நகரம் உள்ளது. அதற்கு அருகில் இருந்தது ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம். மேலிருந்து கீழே போக இரண்டு செங்குத்துக் குழிகள். ஒன்றின் பெயர் ஜான் குழி, மற்றொன்று வில்லியம் குழி. இரண்டும் 180 மீட்டருக்கும் மேல் ஆழமானவை. ஒரு குழி வழியாக நல்ல காற்று உள்ளே இறங்கும். மறு குழி வழியாகக் கெட்ட காற்று வெளியேறும். அந்தக் காலத்தில் இதை நல்ல முறையில் நடத்தப்பட்ட சுரங்கம் என்றே எல்லாரும் கருதினார்கள்.

அன்று திங்கட்கிழமை. முற்பகல் 11.30 மணியளவில் நிலத்துக்கடியில் வெடித்தது. ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவு வரை ஓசை கேட்டது. குழிகளின் வாயிலிருந்து கரித்தூள் மேகம்போல் எழுந்து, காற்றில் நகர்ந்து, பக்கத்து ஊரான ஹியூவர்த்தை அந்திப்பொழுதுபோல் இருட்டாக்கியது. பாதையில் படிந்த தூளில் நடந்து போனவர்களின் காலடித் தடம் பதிந்தது.

அப்போது சுரங்கத்துக்குள் 121 பேர் இருந்தார்கள். 32 பேரை உயிரோடு மேலே கொண்டுவர முடிந்தது. அவர்களில் மூன்று சிறுவர்கள் சில மணி நேரத்தில் இறந்தார்கள். மொத்தம் 92 பேர் மாண்டார்கள். பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகளும் அவர்களில் அடக்கம்.

மீட்புக்காக உள்ளே இறங்கியவர்களால் நெடுந்தூரம் போக முடியவில்லை, மூச்சு முட்டியது. அவர்கள் மேலே திரும்பிக்கொண்டிருந்த வேளையில் இன்னொரு முறை வெடித்தது. உள்ளே நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்தது. காற்றுப் போகாமல் குழிகளை அடைத்தால்தான் தீ அணையும். ஆனால், அடைப்பது என்றால் உள்ளே யாராவது உயிரோடு இருந்தால் அவர்களையும் சேர்த்து அடைப்பது. மேலே நின்ற மனைவிமாரும் தாய்மாரும் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்கள்? பெரும் எதிர்ப்புக்கிடையே குழிகள் மூடப்பட்டன. ஜூலை மாதம் 8ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. செப்டம்பர் வரை உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கமாக இத்தகைய விபத்துகள் வெளியுலகுக்கு அதிகம் தெரியாமலே போய்விடும். அந்த வட்டாரப் பத்திரிகைகள் சுரங்க வெடிப்புகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட காலமும் இருந்தது. ஃபெல்லிங்கில் அப்படி நடக்கவில்லை. இறந்தவர்களை அடக்கம் செய்த பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், சுரங்கத்தின் வரைபடத்தோடு நடந்ததையெல்லாம் எழுதி அச்சிட்டார். அதைப் படித்தவர்கள் பேசாமல் இருக்க முடியவில்லை. 1813இல் சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்காகச் சண்டர்லண்ட் நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் ஃபெல்லிங் சுரங்கம் மறுபடியும் வெடித்து, மேலும் 22 பேர் இறந்தார்கள்.

கல்லுக்குள் இருந்து வரும் வாயு

வெடித்தது எது? மீத்தேன்.

நிலக்கரி என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காடுகளில் விழுந்து புதைந்த தாவரங்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் நிலக்கரிக்கு ஏறத்தாழ 30 கோடி வயது. மரம் கரியாக மாறும்போது மீத்தேன் உண்டாகிறது. அது நிலக்கரியின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். கோடாரி பட்டுக் கரி உடையும்போது அந்த வாயு வெளியே வரும். சில இடங்களில் பாம்பு சீறுவதுபோல் சத்தத்தோடு பீறிடும்.

உங்கள் வீட்டுச் சமையல் எரிவாயு கசிந்தால் உடனே நாற்றம் வருகிறது அல்லவா? அந்த நாற்றம் வாயுவுக்குச் சொந்தமானதன்று. கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே தொழிற்சாலையில் கலக்கிறார்கள். சுரங்கத்து மீத்தேனில் அப்படிக் கலந்து கொடுக்க யாரும் இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் பரவும். மீத்தேன் இலேசானது, கூரையடியில் போய்த் தேங்கும். தலைக்கு மேலே இருப்பது தெரியாமல் மனிதன் மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடிப்பான்.

இங்கே ஓர் எண் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் மீத்தேன் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் வெடிப்புப் பரவாது, எரிபொருள் போதாது. 15 விழுக்காட்டுக்கு மேல் போனாலும் வெடிக்காது, உயிர்வளி போதாது. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் ஆபத்து எல்லை. 9.5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். அந்த அளவில் மீத்தேனும் உயிர்வளியும் ஒன்றுக்கொன்று மிச்சமில்லாமல் எரிந்து தீர்ந்துவிடுகின்றன. 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் பாதுகாப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். நல்ல காற்று கொஞ்சம் வந்து கலந்தால் போதும், அது மறுபடியும் ஆபத்து எல்லைக்குள் இறங்கிவிடும்.

ஐந்து பெயர்கள்

வேதியியல் படிக்காத அந்தத் தொழிலாளர்கள், தங்களைக் கொல்லும் காற்றுகளுக்கு அனுபவத்திலேயே பெயர் வைத்திருந்தார்கள். எல்லாப் பெயரிலும் 'டேம்ப்' என்ற சொல் வரும். இங்கே அதற்கு ஈரம் என்று பொருள் இல்லை. ஆவியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லின் உறவு அது.

ஃபயர்டேம்ப் என்பது நெருப்பு ஆவி. இதுதான் மீத்தேன்.

பிளாக்டேம்ப் என்பது கறுப்பு ஆவி. உயிர்வளி தீர்ந்துபோய், நைட்ரஜனும் கரிவளியும் மிஞ்சிய காற்று. நிலக்கரியும் மக்கும் மரமும் மெல்ல மெல்ல உயிர்வளியை உறிஞ்சிவிடுவதால் பழைய, காற்றோட்டமில்லாத பகுதிகளில் இது உண்டாகும். பெரும்பாலும் பள்ளமான இடத்தில் தேங்கும். இதில் மனிதன் மயங்குவதற்கு முன்பே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அந்த வகையில் இது ஓரளவு எச்சரித்துவிட்டு வரும் எதிரி.

ஒயிட்டேம்ப் என்பது வெள்ளை ஆவி. கார்பன் மோனாக்சைடு. இது எச்சரிப்பதில்லை. இதனிடையே விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும், மனிதன் விழுந்துவிடுவான்.

ஸ்டிங்க்டேம்ப் என்பது நாற்ற ஆவி. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு.

ஆஃப்டர்டேம்ப் என்பது வெடிப்புக்குப் பின்வரும் ஆவி. கரிவளி, நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் கலந்தது. வெடிப்பில் தப்பியவனைத் தேடி வருவது இது. ஃபெல்லிங்கில் மீட்புக்குழுவினரைத் திருப்பி அனுப்பியதும் இதுதான்.

வெளிச்சம் வேண்டும், நெருப்பு கூடாது

சுரங்கத்தில் வெளிச்சம் இல்லாமல் கரி வெட்ட முடியாது. மின்சாரம் இல்லாத காலத்தில் வெளிச்சம் என்றால் நெருப்பு. நெருப்பு என்றால் வெடிப்பு. இந்தச் சிக்கலிலிருந்து விடுபட என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். இருட்டில் மினுமினுக்கும் அழுகிய மீன்தோலை வைத்துக்கொண்டு வேலை செய்ய முயன்றதும் உண்டு.

வாயு தேங்கிய இடத்தை 'சுத்தம்' செய்ய ஓர் ஆளை அனுப்பும் வழக்கமும் இருந்தது. நனைத்த சாக்குத்துணியைப் போர்த்திக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, தரையோடு தவழ்ந்து போய்க் கூரையடியில் தேங்கிய வாயுவைக் கொளுத்திவிடுவது அவர் வேலை. வாயு கொஞ்சமாக இருந்தால் தலைக்கு மேல் எரிந்து அடங்கிவிடும். அதிகமாக இருந்தால் அவர் திரும்புவதில்லை.

18ஆம் நூற்றாண்டில் ஒயிட்ஹேவன் சுரங்கத்தின் கார்லைல் ஸ்பெடிங் 'எஃகு ஆலை' என்ற கருவியைக் கொண்டுவந்தார். எஃகுச் சக்கரம் ஒன்றை ஒரு சிறுவன் சுற்றிக்கொண்டே இருப்பான். அதன்மேல் சிக்கிமுக்கிக் கல்லை அழுத்தினால் தீப்பொறி மழையாகக் கொட்டும். அந்தப் பொறியின் ஒளியில் வேலை நடக்கும். சுடரைப்போல் பொறி வாயுவைப் பற்றவைக்காது என்பது நம்பிக்கை. பொறியின் நிறம் மாறுவதை வைத்து வாயு இருப்பதையும் ஓரளவு தெரிந்துகொண்டார்கள். ஆனால், பொறியும் பற்றவைக்கும் என்று பிறகு வெடிப்புகளே காட்டிக்கொடுத்தன. ஸ்பெடிங் 1755இல் சுரங்க வெடிப்பு ஒன்றில்தான் உயிரிழந்தார்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன்

உண்மையில் வாயுவுக்கு மருந்து விளக்கு அன்று, காற்றோட்டம். மீத்தேன் எவ்வளவு வந்தாலும், போதுமான காற்று அடித்துக்கொண்டு போனால் அது 5 விழுக்காட்டை எட்டாது.

அந்தக் காலத்துக் காற்றோட்ட முறை எளிமையானது. காற்று வெளியேறும் குழியின் அடியில் பெரிய உலையொன்றை எரிப்பார்கள். சூடான காற்று இலேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப மறு குழி வழியாக நல்ல காற்று இறங்கும். இறங்கிய காற்று குறுக்கு வழியில் ஓடிவிடாமல் எல்லா வேலைத்தளத்தையும் சுற்றி வரவேண்டும் அல்லவா? அதற்காக வழிநெடுக மரக்கதவுகள். கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து, போனதும் உடனே மூட வேண்டும்.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டவர்கள் சிறு பிள்ளைகள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். விளக்கு இல்லாத இருட்டில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை தூங்கிவிட்டாலோ, கதவு திறந்தே கிடந்தாலோ காற்று குறுக்கு வழியில் போய்விடும். எங்கோ ஒரு மூலையில் வாயு சேரத் தொடங்கும். பெரியவர்கள் அத்தனை பேரின் உயிரும் அந்தப் பிள்ளையின் விழிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. 1842இல்தான் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும், பெண்கள் அனைவரும் நிலத்துக்கடியில் வேலை செய்வதைப் பிரிட்டனில் சட்டம் தடை செய்தது.

கம்பிவலையின் அறிவியல்

ஃபெல்லிங்குக்குப் பிறகு பாதுகாப்பான விளக்கு வேண்டும் என்ற தேடல் சூடு பிடித்தது. சண்டர்லண்ட் மருத்துவர் வில்லியம் கிளானி 1813இல் ஒரு விளக்கைக் காட்டினார். துருத்தி வைத்துத் தண்ணீர் வழியாகக் காற்றை ஊத வேண்டியிருந்ததால் அது சுரங்க வேலைக்கு ஒத்துவரவில்லை. கில்லிங்வொர்த் சுரங்கத்தின் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன், பின்னாளில் இரயில் இயந்திரத்தால் புகழ்பெற்ற அதே ஸ்டீவன்சன், 1815 அக்டோபரில் தாம் செய்த விளக்கோடு வாயு பீறிடும் இடத்துக்கே நேரில் நடந்துபோய்ச் சோதித்தார். அதே சமயத்தில் சண்டர்லண்ட் சங்கத்தின் அழைப்பை ஏற்று, இலண்டனின் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் இதே ஆராய்ச்சியில் இருந்தார். யார் முந்தியவர் என்ற சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. அதை விட்டுவிடுவோம். டேவி கண்டுபிடித்த உண்மைதான் நமக்கு முக்கியம்.

மீத்தேன் பற்றிக்கொள்ள அதிக வெப்பம் தேவை என்பதை டேவி கவனித்தார். குறுகலான உலோகக் குழாய் வழியாகச் சுடர் மறுபக்கம் போவதில்லை. காரணம், உலோகம் வெப்பத்தை இழுத்துப் பரப்பிவிடுகிறது. மறுபக்கம் போகும் வாயு பற்றிக்கொள்ளும் வெப்பநிலைக்குக் கீழே வந்துவிடுகிறது. குழாய் எவ்வளவு குறுகலோ, அவ்வளவு குட்டையாகவும் இருக்கலாம். அப்படியானால் ஆயிரக்கணக்கான மிகக் குட்டையான குழாய்களை அருகருகே அடுக்கினால்? அதுதான் கம்பிவலை. சதுர அங்குலத்துக்கு 784 துளைகள் கொண்ட வலையால் எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி மூடினார் டேவி. 1816 ஜனவரியில் ஹெபர்ன் சுரங்கத்தில் சோதித்தபோது அது வேலை செய்தது. அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை.

மாணவர்களே, இதை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே பார்க்கலாம். ஆசிரியர் செய்துகாட்டச் சொல்லுங்கள். புன்சன் விளக்கின் வாயிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் கம்பிவலையைப் பிடித்து, வாயுவைத் திறந்து, வலைக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினால் வலைக்கு மேலே மட்டும் எரியும். கீழேயும் அதே வாயுதான் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் பற்றாது. வலை நன்றாகச் சூடேறிச் சிவக்கும் வரை விட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்து வையுங்கள். அதற்குச் சிறிது நேரத்தில் வருவோம்.

டேவி விளக்குக்கு இன்னொரு பயனும் இருந்தது. மீத்தேன் இருந்தால் சுடரின் உச்சியில் இளநீலத் தொப்பி ஒன்று தோன்றும். தொப்பியின் உயரத்தை வைத்து எவ்வளவு வாயு இருக்கிறது என்று மதிப்பிடலாம். உயிர்வளி குறைந்தால் விளக்கு அணைந்துவிடும். வெளிச்சம் தரும் கருவியே அளக்கும் கருவியாகவும் ஆனது.

447இலிருந்து 538

இனி நம் கேள்விக்கு வருவோம். விளக்கு வடகிழக்கு இங்கிலாந்துச் சுரங்கங்களில் வேகமாகப் பரவியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1835இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று சுரங்க விபத்துகளை ஆராய்ந்தது. டர்ஹம், நார்தம்பர்லண்ட் ஆகிய இரண்டு மாவட்டங்களில் விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர். விளக்கு வந்த பிந்திய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 538 பேர்.

விளக்கின் அறிவியல் பொய்யா? இல்லை. அதைப் பயன்படுத்திய விதத்தைப் பாருங்கள்.

முதலாவது, வாயு அதிகம் என்று கைவிடப்பட்டிருந்த பகுதிகளுக்குள் விளக்கை நம்பி ஆள்களை அனுப்பினார்கள். கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித்தூண்களையும் வெட்டத் தொடங்கினார்கள். இன்னும் ஆழமான, இன்னும் வாயு மிகுந்த அடுக்குகள் திறக்கப்பட்டன. முன்பு 'போகவே கூடாது' என்றிருந்த இடம் 'விளக்கோடு போகலாம்' என்று ஆனது.

இரண்டாவது, காற்றோட்டத்துக்குச் செலவு செய்ய வேண்டிய அவசரம் குறைந்துவிட்டது. புதிய குழி வெட்டுவது பெருஞ்செலவு, விளக்கு மலிவு.

மூன்றாவது, வலைக்குள் இருந்த சுடரின் வெளிச்சம் மெழுகுவர்த்தியைவிட மிகவும் மங்கல். தொழிலாளிக்குக் கூலி அவர் வெட்டும் கரியின் அளவுக்கு. கண் தெரியாமல் எவ்வளவு வெட்ட முடியும்? சிலர் வலையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது எளிது; அந்தக் கூலி முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, விளக்கிலேயே இருந்த குறை. காற்றின் வேகம் விநாடிக்கு 2 மீட்டரை நெருங்கும்போதே சுடர் வலையின்மேல் சாய்ந்து அதைச் சூடாக்கிவிடும். வலை சிவந்துவிட்டால் அதன்பின் வெப்பத்தை உறிஞ்ச முடியாது; சுடர் வெளியே தாவும். மேலே கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. துருப்பிடித்து ஒரேயொரு கம்பி அறுந்தாலும் கதை முடிந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். நல்ல காற்றோட்டம் இருந்தால் வாயு சேராது. ஆனால் வேகமான காற்றில் டேவி விளக்கு பாதுகாப்பில்லை. பிறகு வந்தவர்கள் கண்ணாடியும் உறையும் சேர்த்துத் திருத்திய பிறகே விளக்கு நம்பத்தக்கதாயிற்று.

காற்றுக்கு வழி விடாத சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1862 ஜனவரியில் நார்தம்பர்லண்டின் ஹார்ட்லி சுரங்கம் காட்டியது. அங்கே வெடிப்பே இல்லை. இறங்கவும் ஏறவும் காற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு குழி. அதன் மேலிருந்த நீரேற்று இயந்திரத்தின் இரும்பு உத்தரம் முறிந்து குழிக்குள் விழுந்து வழியை அடைத்துவிட்டது. உள்ளே சிக்கிய 199 பேரும் நச்சுக்காற்றில் இறந்தார்கள். குழியில் ஏறிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 204 பேர். அதே ஆண்டு, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வெளியேற இரண்டு வழிகள் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

தூளும் வெடிக்கும்

மீத்தேனோடு கதை முடியவில்லை. 1844இல் டர்ஹமில் ஹாஸ்வெல் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தபோது, அரசாங்கம் மைக்கேல் ஃபாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்லஸ் லையலையும் அனுப்பியது. நிலக்கரித் தூளும் வெடிப்பில் பங்கெடுத்திருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். பல பத்தாண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேதியியலில் வினைவேகம் படித்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். ஒரு கரிக்கட்டி மெதுவாக எரியும். அதன் மேற்பரப்பு மட்டுமே உயிர்வளியைத் தொடுகிறது. அதே கட்டியைத் தூளாக்கிக் காற்றில் தூவினால் மேற்பரப்பு பல ஆயிரம் மடங்காகிறது. கணப்பொழுதில் எரிந்து தீர்கிறது. கோதுமை மாவு ஆலையும் சர்க்கரை ஆலையும் வெடிப்பது இதனால்தான். சுரங்கத்தில் சிறிய வாயு வெடிப்பொன்று தரையில் கிடந்த தூளைக் கிளப்பிவிடும். அந்தத் தூள் பற்றி, அடுத்த இடத்துத் தூளைக் கிளப்பும். இப்படியே நெருப்பு சுரங்கம் முழுதும் ஓடும்.

1906 மார்ச் 10ஆம் தேதி வட பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் அதுதான் நடந்தது. இறந்தவர்கள் 1,099 பேர். மீத்தேன் தொல்லை அதிகம் இல்லை என்று கருதப்பட்ட சுரங்கம் அது. இருபது நாள் கழித்து 13 பேர் தாங்களாகவே வழி கண்டுபிடித்து உயிரோடு வந்தார்கள். அதற்குப் பிறகே தூளுக்கு எதிரான முயற்சிகள் தீவிரமாயின. தீர்வு மிகவும் எளியது. எரியாத கல்தூளைச் சுரங்கப் பாதைகளில் தூவுவது. கரித்தூளோடு கல்தூளும் கிளம்பி, வெப்பத்தை உறிஞ்சி, நெருப்பின் ஓட்டத்தை நிறுத்திவிடும். டேவியின் கம்பிவலை செய்த அதே வேலைதான்.

கூண்டுக்குள் ஒரு குருவி

வெடிப்பில் இறந்தவர்கள் உண்மையில் எதனால் இறந்தார்கள் என்பதை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். 1896இல் அவர் வெளியிட்ட அறிக்கை பலரைத் திடுக்கிட வைத்தது. பெரும்பாலோரைக் கொன்றது அதிர்ச்சியோ நெருப்போ அன்று. வெடிப்புக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்றில் அது மிகக் கொஞ்சமாக இருந்தாலும் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் போகிறது. ஹால்டேன் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, உடலில் என்ன நடக்கிறது என்று குறித்து வைத்தவர்.

சுண்டெலி, சிறு பறவை போன்றவற்றை உள்ளே கொண்டுபோகலாம் என்றார் அவர். சின்ன உயிர்கள் உடல் எடைக்கு அதிகக் காற்றை வேகமாகச் சுவாசிப்பதால் மனிதனுக்கு முன்பே தளர்ந்துவிடும். கேனரி பறவை கொம்பிலிருந்து தடுமாறி விழுந்தால், மனிதனுக்குத் திரும்பி ஓடச் சில நிமிடம் கிடைக்கும். பறவையைப் பிழைக்க வைக்கச் சில கூண்டுகளில் சிறிய உயிர்வளி உருளையும் பொருத்தியிருந்தார்கள். பிரிட்டனில் 1986இல்தான் மின்னணுக் கருவிகளுக்காகக் கேனரிகளுக்கு ஓய்வு கொடுக்க முடிவானது.

நமக்கு இதில் என்ன?

சிலாங்கூரின் பத்து ஆராங் நகரின் பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது. 1915 முதல் 1960 வரை அங்கே நிலத்துக்கடியிலும் திறந்த குழிகளிலும் நிலக்கரி வெட்டினார்கள். மலாயாவின் இரயில் வண்டிகளும் மின் நிலையமும் அந்தக் கரியில் ஓடின. அங்கே உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. அந்தச் சுரங்கம் மூடிப் பல காலமாயிற்று. ஆனால், சுரங்கத்துக் காற்று இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டி, மேன்ஹோல், கப்பலின் அடித்தளம், எண்ணெய்த் தொட்டி, செம்பனை ஆலையின் கழிவுக்குளம் இவையெல்லாம் சின்னச் சின்னச் சுரங்கங்கள்தாம். அழுகும் கழிவிலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். துருப்பிடிக்கும் இரும்புத் தொட்டி உள்ளிருக்கும் உயிர்வளியைத் தின்றுவிடும். ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார்; காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார்; அவர்களைப் பார்த்து மூன்றாமவரும் இறங்குகிறார். இத்தகைய செய்திகளை நீங்களும் இதே நாளிதழில் படித்திருப்பீர்கள்.

இத்தகைய இடங்களில் இறங்குவதற்கு முன் தொழிலாளர்கள் பயன்படுத்தும் கைக்கருவியில் வழக்கமாக நான்கு எண்கள் தெரியும். உயிர்வளி, எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. கறுப்பு ஆவி, நெருப்பு ஆவி, வெள்ளை ஆவி, நாற்ற ஆவி. அந்தப் பழைய தொழிலாளர்கள் வைத்த பெயர்களை அப்படியே வரிசையாகப் படிப்பதுபோல் இருக்கும். எரியும் வாயு வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டியதுமே அந்தக் கருவி கத்தத் தொடங்கும்படி அமைப்பது வழக்கம். மீத்தேன் என்றால், காற்றில் அரை விழுக்காடு.

ஆனால் 447இலிருந்து 538 ஆன கணக்கை மறந்துவிட வேண்டாம். கருவி இடுப்பில் தொங்குகிறது என்பதற்காக இறங்கிவிடக் கூடாது. முதலில் காற்றைச் சோதிக்க வேண்டும்; நல்ல காற்றை ஊதி உள்ளே அனுப்ப வேண்டும்; வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும்; மேலே இழுக்கக் கயிறு கட்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்பவராக இருந்தால், இன்று இரவு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இறங்குவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்றை யார் சோதிக்கிறார்கள்?"

பதில் சொல்ல அவர் தயங்கினால், இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுங்கள்.